மருந்து டேங்கில் பழகிய கைகளுக்கு

அன்புத் தம்பிமாரே,

டயகமயிலும் டொரிங்டனிலும் ஹோல்புரூக்கிலும் கிளாஸ்கோவிலும் பெல்மோரலிலும் பிறந்து, தலவாக்கலைக்கு வந்து பஸ் பிடித்துக் கொழும்பு போய், வத்தளையிலும் தெஹிவளையிலும் மாடிக் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்ததே 2021 மார்ச்சில்தான். அதற்கு நாம் எத்தனை வருஷம் கத்தினோம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சம்பளத்தில் குடும்பம் ஓடாது என்றுதான் பிரஷ்ஷைத் தூக்கினீர்கள். பிரஷ் போய் ரோலர் வந்தது. இப்போது பெயின்டைப் பீய்ச்சி அடிக்கிற ஏர்லெஸ் மெசின் வந்திருக்கிறது. நான் அந்த மெசின்களைக் கழற்றிப் பூட்டுகிறவன். அதனால்தான் எழுதுகிறேன்.

மெசினை உங்கள் கையில் கொடுக்கிற பாஸ் எதைக் காட்டிக் கொடுக்கிறார்? சுவிட்ச் இங்கே, பிரஷர் குமிழ் இங்கே, ட்ரிகர் இங்கே, அவ்வளவுதான். பெட்டியோடு வரும் புத்தகத்தில் ஆங்கிலமும் சீனமும் இருக்கும். தமிழ் இருக்காது, சிங்களமும் இருக்காது. ஆகவே மெசின் பாதியில் நின்றால், கை தனக்குத் தெரிந்ததைச் செய்கிறது. கைக்குத் தெரிந்தது தோட்டத்து மருந்து டேங்க். என் பயம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

கொழுந்தில் கொப்புள நோய் விழும் மழைக்காலத்தில் செம்பு மருந்து அடிக்க அப்பாவோ மாமாவோ டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறியதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். இடது கையால் நெம்பை அடிப்பார்கள், வலது கையில் குழல் இருக்கும். நொஸில் அடைத்தால் என்ன செய்வார்கள்? கழற்றி வாயில் வைத்து ஊதுவார்கள். தேயிலைக் குச்சியால் குத்துவார்கள். வருகிறதா என்று பார்க்க உள்ளங்கையில் பீய்ச்சிப் பார்ப்பார்கள். மருந்தோடு இப்படி விளையாடுவதே தப்பு. ஆனால் அந்த டேங்கின் அழுத்தம் 40, 50 பி.எஸ்.ஐ. அளவுதான். அந்த வேகம் தோலை நனைக்கும், கிழிக்காது.

ஏர்லெஸ் கன்னில் வருவது 3,000 பி.எஸ்.ஐ. வரை. வானின் டயரில் இருப்பது ஏறக்குறைய 30 என்றால், அதைப்போல நூறு மடங்கு. காற்றோடு கலக்காமல் பெயின்டை மட்டுமே இந்த அழுத்தத்தில், கன்னின் நுனியிலுள்ள டிப்பின் மயிர்த்துவாரம் போன்ற ஓட்டை வழியாகத் தள்ளுவதால்தான் அது புகையாக உடைந்து சுவரில் படிகிறது. ஏர்லெஸ் என்ற பெயரின் அர்த்தமும் அதுதான். டிப்பைக் கழற்றினாலும் ஆபத்து போய்விடுவதில்லை. மனிதத் தோலைத் துளைக்க 100 பி.எஸ்.ஐ. போதும். விரலை டிப்பின் முன்னால் வைத்து “வருதா பாரு” என்று ட்ரிகரை அழுத்தினால், பெயின்ட் விரலுக்குள் போகும். கையுறை போட்டிருந்தாலும் போகும்.

இந்தக் காயத்தை உங்களுக்கு நன்றாக விளக்கியாக வேண்டும். பார்க்கும்போது ஊசி குத்திய புள்ளி மாதிரி இருக்கும். இரத்தம் ஒரு சொட்டு வரும், சில சமயம் அதுவும் வராது. முதல் ஒரு மணி நேரம் வலி கூடப் பெரிதாக இருக்காது. “ஒன்னுமில்லண்ணே” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடரத் தோன்றும். உள்ளே நடப்பது வேறு. விரலின் தசைநார்களைச் சுற்றியிருக்கும் உறை வழியாக பெயின்டும் தின்னரும் உள்ளங்கை வரை, சில வேளை முழங்கை வரை ஓடிவிடும். வீக்கம் ஏறி இரத்த ஓட்டத்தை அடைக்கும், தின்னர் சதையைக் கரைக்கும். டீசல் எஞ்சினால் வந்த இதே மாதிரிக் காயத்தை 1937இலேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். 400க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைத் திரட்டி 2006இல் வந்த ஆய்வில், பத்தில் மூன்று பேருக்கு விரலையோ கையின் பகுதியையோ வெட்டி எடுக்க வேண்டி வந்தது. தின்னர் வகைப் பெயின்ட் உள்ளே போனவர்களில், ஆறு மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை செய்து கழுவி எடுத்தவர்கள் விரலைக் காப்பாற்றிக்கொண்டது அதிகம். பெரும்பாலும் காயப்படுவது கன் பிடிக்காத கையின் சுட்டுவிரல். ஏனென்றால் அந்த விரலால்தான் டிப்பைத் துடைப்போம்.

ஆகவே அப்படி நடந்தால் பிளாஸ்டர் ஒட்டாதீர்கள், அமுக்கிப் பெயின்டை வெளியே எடுக்கப் பார்க்காதீர்கள். 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசு வாங்காது. கொழும்பில் என்றால் தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு. ஊரில் என்றால் அக்கரப்பத்தனை வைத்தியசாலையில் நேரத்தைக் கடத்தாமல், நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். சத்திரசிகிச்சை செய்யக்கூடிய இடமாக இருக்க வேண்டும். “பெயின்ட் மெசின், 3,000 பி.எஸ்.ஐ., கைக்குள்ள இன்ஜெக்ட் ஆயிருச்சு” என்று டொக்டரிடம் முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். அந்த ஓட்டையைப் பார்த்துக் குத்துக் காயம் என்று நினைத்துவிடுவது உலகம் முழுவதும் நடக்கிறது. பெயின்ட் வாளியின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

இனி மெசின் பக்கம் வருகிறேன். எந்தக் கோளாறாக இருந்தாலும், ஸ்பெனரைத் தொடுவதற்கு முன் அழுத்தத்தை இறக்க வேண்டும். சுவிட்சை நிறுத்துங்கள், பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு கன்னை ஓர் உலோக வாளியின் ஓரத்தில் இரும்போடு இரும்பு உரசும்படி அழுத்திப் பிடித்து, ட்ரிகரை இழுத்து, உள்ளே இருப்பதைப் பீய்ச்சிவிடுங்கள். அடுத்து பிரைம் வால்வை, வாளிக்குத் திரும்பிப் போகும் குழாயின் பக்கம் திருப்புங்கள். கடைசியாக ட்ரிகர் பூட்டைப் போடுங்கள். பலர் சுவிட்சை நிறுத்தியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மோட்டார் நின்றாலும் ஹோஸுக்குள் 3,000 அப்படியே உட்கார்ந்திருக்கும், அடுத்த நாள் காலை வரைக்கும் இருக்கும். டிப் முழுவதும் அடைத்துப் பீய்ச்ச முடியாவிட்டால், டிப் கூட்டின் நட்டை கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்துங்கள். உஸ் என்று கசிந்து இறங்கட்டும். ஒரே மூச்சில் கழற்றக் கூடாது. உலோக வாளி ஏன் என்றால், ஹோஸ் வழியாக ஓடும் பெயின்ட் மின்னேற்றம் சேர்க்கும். தின்னர் ஆவிக்கு நடுவில் ஒரு பொறி போதும். லயத்து இஸ்தோப்பில், பக்கத்தில் விறகு அடுப்பு எரியும்போது எனமல் கன்னைக் கழுவவே கழுவாதீர்கள்.

டிப் அடைப்புதான் நாளுக்கு நாலு தரம் வரும். அதற்கான வழி டிப்பிலேயே இருக்கிறது. அம்புக்குறி போட்ட கைப்பிடி இருக்கிறதே, அது 180 பாகை திரும்பும். பூட்டைப் போட்டு, அம்பைப் பின்பக்கமாகத் திருப்பி, பூட்டை எடுத்து, பழைய பலகையிலோ வாளிக்குள்ளோ ஒரு தடவை சடாரென்று அழுத்துங்கள். அடைப்பு வெளியே பாயும். மறுபடி பூட்டு, அம்பு முன்பக்கம், வேலை. இரண்டு மூன்று தரம் செய்தும் போகாவிட்டால் அழுத்தத்தை இறக்கிவிட்டுக் கழற்றிக் கழுவுங்கள். ஊசியோ ஆணியோ பைண்டிங் கம்பியோ ஓட்டைக்குள் போகக் கூடாது. டிப்பின் உள்வாய் டங்ஸ்டன் கார்பைட், மிகக் கடினமானது, ஆனால் அதன் விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்தாலும் விசிறி கோணிவிடும். மெல்லிய பிரஷ், அந்தப் பெயின்டுக்குரிய கரைப்பான், கொஞ்சம் பொறுமை, இவை போதும்.

டிப்பின் எண்ணைப் படிக்கத் தெரியாமல் மெசினைத் திட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். 517 என்று எழுதியிருந்தால், முதல் எண்ணை இரண்டால் பெருக்குங்கள். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடித்தால் பத்து அங்குல விசிறி. பின்னால் உள்ள 17, ஓட்டையின் அளவு, அங்குலத்தில் ஆயிரத்தில் பதினேழு பங்கு. உட்சுவர் எமல்ஷனுக்கு 15 முதல் 19 வரை, எனமலுக்கும் வார்னிஷுக்கும் 9 முதல் 13 வரை. சின்ன மெசினுக்குப் பெரிய டிப்பைப் போட்டால் பம்ப் எவ்வளவு தள்ளினாலும் அழுத்தம் நிற்காது. விசிறியின் இரண்டு ஓரத்திலும் வால் மாதிரிக் கனத்த கோடு விழும். பம்ப் பழுது என்று கொண்டுவரும் மெசின்களில் பாதிக்குப் பம்ப்பில் ஒன்றும் இருப்பதில்லை. மெசினின் தகட்டிலோ புத்தகத்திலோ அதிகபட்ச டிப் அளவு எழுதியிருக்கும், அதைப் பாருங்கள்.

வால் விழுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. அழுத்தம் போதாமல் இருக்கலாம், பெயின்ட் கட்டியாக இருக்கலாம், டிப் தேய்ந்திருக்கலாம். தேய்ந்ததா என்று அறிய விசிறியை அளந்து பாருங்கள். பத்து அங்குலம் இருக்க வேண்டியது ஏழரைக்கு வந்துவிட்டால் டிப் முடிந்தது. ஓட்டை பெரிதாகி வட்டமாகிவிட்டதால் பெயின்ட் அதிகமாகப் போகும், சுவரில் வடியும், பாஸ் உங்கள் கையைக் குறை சொல்வார். டிப்பின் விலையைவிட வீணாகும் பெயின்டின் விலை அதிகம் என்பதை வாளியைக் காட்டி அவரிடம் சொல்லுங்கள். சுண்ணாம்புக் கல் மாவு அதிகம் கலந்த மலிவுப் பெயின்ட் டிப்பை இன்னும் சீக்கிரம் தின்னும்.

பெயின்ட் கட்டியாக இருப்பது நம் ஊரில் தனிக் கதை. கொழும்பில் சரியாக ஓடிய அதே வாளி, அதே டிப், அக்கரப்பத்தனையில் மார்கழி, தை மாதக் காலையில் திணறும். குளிரில் பெயின்ட் இறுகும், ஹோஸும் விறைக்கும். தண்ணீரை அள்ளி ஊற்றாதீர்கள். வாளியின் மேல் எழுதிய அளவைத் தாண்டினால் சுவரில் பிடிப்பு போய்விடும். இரவில் வாளியை வெளியே போடாமல் வீட்டுக்குள் வையுங்கள், வெயில் வந்த பிறகு தொடங்குங்கள். அடுப்பில் சூடாக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஆடி மழையில், பனிமூட்டம் சுவரோடு ஒட்டியிருக்கும்போது வெளிச்சுவரைத் தொடாமல் இருப்பதே மேல். தை பிறந்து பங்குனி வரைதான் நமக்கு நல்ல காலம். ஏழு பேர்ச் காணியில் கட்டிக்கொடுத்த சின்னத் தனி வீட்டின் இரண்டு அறைக்கு ஏர்லெஸ் மெசினைத் தூக்கிக்கொண்டு போவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. மறைப்புக் காகிதம் ஒட்டுகிற நேரத்தில் ரோலரால் ஓர் அறை முடிந்துவிடும். தகரக் கூரைக்கும், தேயிலைத் தொழிற்சாலையின் நெளிதகட்டுச் சுவருக்கும், வரிசையாக நிற்கும் பல வீடுகளுக்கும்தான் இந்த மெசின் லாபம்.

அடுத்தது, பெயின்ட் இழுக்காத மெசின். இதற்கு உள்ளே நடப்பதை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் வேலைத்தளங்களில் ஓடுபவை பெரும்பாலும் பிஸ்டன் பம்ப். ரொட் ஒன்று மேலும் கீழும் போகிறது. அடியில் ஓர் உருக்குக் குண்டு, ரொட்டின் நுனியில் இன்னொரு குண்டு. ரொட் மேலே போகும்போது அடிக்குண்டு எழும்பி வாளியிலிருந்து பெயின்ட் உள்ளே வருகிறது, மேல்குண்டு அடைபட்டு ஏற்கெனவே உள்ள பெயின்டை ஹோஸுக்குத் தள்ளுகிறது. ரொட் கீழே வரும்போது அடிக்குண்டு அடைபடும், மேல்குண்டு திறக்கும், பெயின்ட் மேல் அறைக்கு ஏறும். ரொட்டின் பருமன் அந்த அறையில் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் கொஞ்சம் பெயின்ட் இப்போதும் ஹோஸுக்குப் போகும். இரண்டு குண்டும் தத்தம் இருக்கையில் சுத்தமாக உட்கார்ந்தால்தான் அழுத்தம்.

மாதக்கணக்கில் சும்மா கிடந்த மெசினில் அடிக்குண்டு காய்ந்த பெயின்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மோட்டார் ஓடும், ஒன்றும் வராது. கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. பிளக்கைக் கழற்றி, உறிஞ்சு குழாயைக் கழற்றி, மழுங்கிய பென்சிலால் கீழிருந்து மெதுவாக மேலே தள்ளுங்கள். டிக் என்று எழும்பும். சில மெசின்களில் இதற்கென்றே பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்திருப்பார்கள். வால்வுக் கூட்டின் பக்கத்தில் மரக்கட்டையால் இலேசாகத் தட்டினாலும் எழும்புவதுண்டு. எழும்பியும் இழுக்கவில்லையா? உறிஞ்சு குழாயின் நட்டு தளர்ந்து காற்று வாங்குகிறதா, ஓ-ரிங் காய்ந்து வெடித்திருக்கிறதா, அடியிலுள்ள வலை அடைத்திருக்கிறதா, வாளியில் பெயின்ட் மட்டம் குழாய்க்குக் கீழே போயிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். திரும்பி வரும் குழாயில் பெயின்ட் குமிழி குமிழியாக வந்தால் காற்று வாங்குகிறது என்று முடிவு கட்டலாம். கன் துப்பித் துப்பி அடிப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

இழுக்கிறது, ஆனால் அழுத்தம் ஏறவில்லை என்றால் கன்னிலிருந்து பின்னோக்கி வாருங்கள். முதலில் புதிய டிப். பிறகு கன்னின் கைப்பிடிக்குள் இருக்கும் ஃபில்டர். எமல்ஷனுக்கு 60 மெஷ், எனமலுக்கு 100. அதன் பிறகு பம்ப்பின் பக்கத்தில் உள்ள பெரிய ஃபில்டர். காய்ந்த தோல் விழுந்த பெயின்டை நைலோன் வலையில் வடித்து ஊற்றியிருந்தால் இந்த மூன்றும் அடைத்திருக்கவே செய்யாது. மூன்றும் சுத்தமாக இருந்தும் ஏறவில்லையா, திரும்பும் குழாயை ஒரு காலிப் போத்தலில் விட்டு, வால்வை ஸ்பிரே பக்கம் வைத்து ஓட்டுங்கள். போத்தலில் பெயின்ட் விழுந்தால் பிரைம் வால்வு தேய்ந்துவிட்டது. பம்ப்பைப் பிரிக்காமலே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

போத்தலில் ஒன்றும் விழவில்லை, கன்னும் மூடியிருக்கிறது, ஆனாலும் மோட்டார் அடிக்கடி எழுந்து எழுந்து ஓடுகிறது என்றால் கசிவு பம்ப்புக்குள். இப்போது ரொட்டைப் பாருங்கள். கன் மூடியிருக்கும்போது ரொட் கீழ்நோக்கி நழுவிக்கொண்டே போனால் அடிக்குண்டு சரியாக அடைக்கவில்லை. மேல்நோக்கி நழுவினால் மேல்குண்டோ, ரொட்டோடு ஓடும் பெக்கிங் வளையமோ போயிருக்கிறது. இந்த ஒரு சோதனையை மட்டுமாவது மனசில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் பிரிப்பது என்பதை மெசினே சொல்லிவிடும், தேவையில்லாத சாமான் வாங்குகிற காசு மிஞ்சும். குண்டைக் கழற்றினால் வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். பள்ளமோ கீறலோ இல்லையென்றால் கழுவி, இருக்கையையும் கழுவி, மறுபடி போடலாம்.

ரொட்டைச் சுற்றியுள்ள கிண்ணத்தில் பெயின்ட் பொங்கி வந்தால் மேல் பெக்கிங் தேய்ந்துவிட்டது. இறுக்கக்கூடிய நட்டு இருந்தால் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள், அதற்கு மேல் முறுக்காதீர்கள். நிற்காவிட்டால் பெக்கிங் செட் மாற்ற வேண்டியதுதான். பழையதைக் கழற்றும்போது ஒவ்வொன்றையும் வரிசை மாறாமல் அடுக்கிப் படம் எடுங்கள். தோல் வளையங்களை ஒரு மணி நேரம் எண்ணெயில் ஊறப்போடுங்கள். வளையத்தின் உதடு எப்போதும் அழுத்தம் இருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அதாவது மேல் செட்டின் உதடு கீழ்நோக்கி, ரொட்டோடு ஓடும் கீழ் செட்டின் உதடு மேல்நோக்கி. தலைகீழாகப் போட்டால் பூட்டிய அன்றே ஒழுகும். பூட்டுவதற்கு முன் ரொட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அந்த ரொட் புதிய பெக்கிங்கையும் ஒரு வாரத்தில் கிழித்துவிடும், ரொட்டையும் சேர்த்து மாற்றுங்கள். கிண்ணத்தில் காலையில் நாலைந்து சொட்டு டி.எஸ்.எல். என்ற பெக்கிங் காப்புத் திரவத்தை விடுவது இந்தச் செலவைத் தள்ளிப்போடும். அது கிடைக்காத இடத்தில் இலேசான எண்ணெய் விடலாம். உலர்ந்த ரொட்டில் காய்ந்த பெயின்ட் உப்புத்தாள் மாதிரி வேலை செய்கிறது.

ட்ரிகரை விட்ட பிறகும் கன் சொட்டினால் ஊசியின் நுனியோ இருக்கையோ பழுது. சில நேரம் ஒரு மணல் துகள்தான் சிக்கியிருக்கும். அழுத்தத்தை இறக்கிவிட்டு, ட்ரிகரை இழுத்துப் பிடித்தபடியே முன்பக்க இருக்கையைக் கழற்றவும் பூட்டவும் வேண்டும். ட்ரிகரை விட்டால் ஊசியின் குண்டு இருக்கையில் அழுந்தித் திருகி, இரண்டும் கெடும். கழுவுவதற்காக முழுக் கன்னையும் இரவு முழுக்கத் தின்னரில் போட்டுவைக்கும் பழக்கம் நம் பையன்களிடம் இருக்கிறது, உள்ளே உள்ள சீல்கள் ஊதிப் போகும். சொட்டுகிற கன் வெறும் அசுத்தம் என்று நினைக்காதீர்கள். ட்ரிகர் பூட்டு போட்டிருந்தாலும் அந்தக் கன் திறந்த கன்தான்.

ஹோஸ் விஷயத்தில் மட்டும் பழுது பார்த்தல் என்ற பேச்சே கிடையாது. வீங்கியிருந்தால், மடிந்து முறிந்திருந்தால், மேல்தோல் போய் உள்ளே பின்னல் தெரிந்தால், வெட்டி எறியுங்கள். டேப் சுற்றிய ஹோஸைப் பாஸ் கொடுத்தால் வாங்காதீர்கள். மருந்து டேங்கின் குழாயை ரப்பர் பட்டையால் கட்டி ஓட்டினோம், தெரியும். அது 40 பி.எஸ்.ஐ.

கரண்டைப் பற்றிக் கொஞ்சம். தோட்டத்துக் கடைசி லயத்தில் மாலை நேரம் பல்பு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 230 வோல்ட் அங்கே வந்து சேர்வதில்லை. அதற்கு மேல் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருள் சுருளாக நீட்டினால் மோட்டார் உறுமும், சூடேறும், கார்பன் பிரஷ் கருகும், போர்டும் போகும். வயரை நீட்டாமல் பெயின்ட் ஹோஸை நீட்டுங்கள், மெசின் பிளக்குக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வயர் வேண்டியே ஆகவேண்டுமானால் தடித்த வயர், முழுவதும் சுருள் பிரித்து.

வேலை முடிந்து கழுவுவதுதான் உண்மையான ரிப்பேர். எமல்ஷன் என்றால் தண்ணீர் தெளிவாக வரும் வரை ஓட்டுங்கள். எனமல் என்றால் அதற்குரிய கரைப்பான். எனமலிலிருந்து எமல்ஷனுக்கு மாறும்போது முதலில் டர்பன்டைன், பிறகு சவர்க்காரம் கலந்த வெந்நீர், பிறகு வெறும் தண்ணீர். நேராகத் தண்ணீரை விட்டால் உள்ளே கட்டி கட்டியாகத் திரளும். வாரக்கணக்கில் வைக்கப் போகிறீர்கள் என்றால் தண்ணீரை உள்ளே விட்டுவைக்காதீர்கள், நம் ஈரக் காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும். கடைசியாக மினரல் டர்பன்டைனோ பாதுகாப்பு எண்ணெயோ இழுக்கவிட்டு நிறுத்துங்கள். தீபாவளி லீவுக்கு ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இதை விட்டுவிட்டுத்தான், திரும்பிப் போகும்போது ஒட்டிப்போன குண்டோடு மல்லுக்கட்டுகிறோம்.

இவ்வளவையும் நான் ஏன் மெனக்கெட்டு எழுத வேண்டும்? 2022இல் ரூபாய் விழுந்ததிலிருந்து இறக்குமதிச் சாமான் எதையும் தொட முடிவதில்லை. பழைய சோனகத் தெருவில் பெக்கிங் செட் விலை கேட்டவர்களுக்குத் தெரியும். மெசின் நின்றால் அந்த நாளின் சம்பளம் நிற்கிறது, சில இடங்களில் பழுதுக் காசையும் பையனின் கணக்கில்தான் எழுதுகிறார்கள். எதனால் பழுதானது என்று சொல்லத் தெரிந்தவனிடம் அப்படி எழுதுவது கஷ்டம். பின்னால் நின்று வாளி தூக்குகிற பையனுக்கும் பாஸுக்கும் சம்பளத்தில் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இந்த அறிவுதான். நம் பிள்ளைகள் கையெல்லாம் திறமையோடு இருந்தும் காலம் முழுக்க வாளி தூக்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

வேலையில் வருஷக்கணக்கில் கைபழகியவர்கள் வகுப்புக்குப் போகாமலேயே, செய்து காட்டி என்.வி.கியூ. தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்க, தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் வழி இருக்கிறது, முன் அனுபவத்தை மதிப்பிடும் முறை அது. நுவரெலியா மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு அந்தத் தாள் நிஜமாகவே உதவும். இன்னொன்று, வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கேட்கும் உரிமை 1934ஆம் ஆண்டின் சட்டத்திலேயே இருக்கிறது. தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் முறையிடலாம். பாஸ் கையில் கொடுக்கும் ஐயாயிரத்தை வாங்கிக்கொண்டு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எந்தத் திகதியில் எந்த இடத்தில் யாருக்கு வேலை செய்தோம் என்பதை ஃபோனில் குறித்து வைத்திருங்கள், சம்பளம் வாங்கிய விபரமும் இருக்கட்டும்.

இந்தத் தீபாவளிக்கு வரும்போது சொட்டுகிற கன், தேய்ந்த டிப், கீறல் விழுந்த ரொட், வீசப்போகிற பழைய பம்ப் எதுவாக இருந்தாலும் வீசாமல் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். பண்டிகைக்கு மறுநாள் காலை ஹோல்புரூக்கில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிப்போம். ஸ்பெனர் செட்டும் டர்பன்டைனும் நான் கொண்டுவருகிறேன். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு அடுத்த வருஷம் கொழும்புக்குக் கிளம்பக் காத்திருக்கும் தம்பிகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்கள் முதலில் அழுத்தம் இறக்கப் பழகட்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்களில் ஒருவன்,
அக்கரப்பத்தனை